கரண்ட் போனாலும் ஹால் நனையாத சம்ப்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

மீன் தொட்டிக்குக் கீழே இன்னொரு கண்ணாடித் தொட்டி. மேலிருந்து தண்ணீர் தானாக வழிந்து இறங்கும், பஞ்சையும் பீங்கான் வளையங்களையும் கடந்து ஓடும், கடைசி அறையில் இருக்கும் மோட்டார் அதைத் திரும்ப மேலே ஏற்றும். சம்ப் என்றால் இவ்வளவுதான். ஓடிக்கொண்டிருக்கும்போது எல்லா சம்பும் நல்ல சம்ப்தான். கரண்ட் போகிற நிமிடத்திலும் திரும்பி வருகிற நிமிடத்திலும்தான் கட்டியவரின் லட்சணம் தெரியும். ராத்திரி இரண்டு மணிக்கு லைன் போய், காலையில் எழுந்து காலைக் கீழே வைத்தால் தரையெல்லாம் தண்ணீர் என்ற கதையை மீன் வளர்க்கிற யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள்.

சென்னை கொளத்தூரில் கடை கடையாக ஏறி இறங்கினால் ரெடிமேட் சம்பும் கிடைக்கும், உங்கள் அளவுக்கு ஒட்டியும் தருவார்கள். கடைக்குப் போகுமுன் ஒரு டேப், ஒரு பேனா, ஒரு தாள் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். கீழே வரும் கணக்கெல்லாம் ஒரே அளவுக்குப் போட்டது: மேல்தொட்டி 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். சம்ப் 3 அடி நீளம், 15 அங்குல அகலம், 15 அங்குல உயரம். உங்கள் அளவை வைத்து மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியவை

• சம்ப் தேவைதானா என்று முதலில் பாருங்கள். 2 அடித் தொட்டியில் கப்பியும் மோலியும் வளர்ப்பவருக்கு ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரும் வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றுவதும் போதும். அரோவானா, ஆஸ்கர், ஃப்ளவர்ஹார்ன், கூட்டமாக கோல்டுஃபிஷ் என்று நிறையத் தின்று நிறையக் கழிக்கிற மீன்களுக்கும் கடல் மீன்களுக்கும்தான் இந்தச் செலவு நியாயம்.

• ஸ்டாண்டின் கதவை அளந்துவிட்டு சம்ப் ஆர்டர் கொடுங்கள். உள்ளே 3 அடி இடம் இருக்கும், ஆனால் நடுவில் ஒரு கால் நிற்கும், நுழைகிற வழி ஒன்றரை அடிதான் இருக்கும். மேல்தொட்டியை இறக்காமலேயே சம்பை வெளியே எடுக்க முடிய வேண்டும். என்றைக்காவது ஒருநாள் அது ஒழுகும். சம்புக்கு மேல் கை விட்டு வேலை செய்ய ஒரு முழங்கை உயரமாவது காலி இடம் விடுங்கள்.

• கரண்ட் போனால் எவ்வளவு தண்ணீர் கீழே இறங்கும் என்று கணக்குப் போடுங்கள். மற்றதில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் சமாளிக்கலாம், இதில் முடியாது. மோட்டார் நின்றவுடன், தண்ணீரை மேலே ஏற்றிய அதே குழாய் வழியாக அது கீழே இழுபடத் தொடங்கும். குழாயின் வாய் தண்ணீருக்கு மேலே தெரிந்து காற்று புகும்வரை நிற்காது. நம் மேல்தொட்டியில் 1 அங்குலத் தண்ணீர் என்பது சுமார் 14 லிட்டர். வாய் 2 அங்குல ஆழத்தில் இருந்தால் 28 லிட்டர். வழிந்து இறங்கும் பெட்டியிலும் குழாய்களிலும் இருப்பதைச் சேர்த்தால் 35 லிட்டர் என்று வையுங்கள். சம்பில் 1 அங்குலம் சுமார் 9 லிட்டர், ஆக நீர்மட்டம் 4 அங்குலம் ஏறும். அதற்கு மேல் 2 அங்குலம் விட்டு, 15 அங்குல சம்பில் ஓடும் மட்டம் 9 அங்குலம். அந்த இடத்தில் வெளியே ஒரு கோடு போடுங்கள். பெர்மனென்ட் மார்க்கர் வேண்டாம், சிவப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள், வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும்.

இதே வாய் 6 அங்குலம் உள்ளே இருந்தால் என்ன ஆகும் என்றும் பாருங்கள். 85 லிட்டருக்குக் கீழே இடமே இல்லை.

• மோட்டார் அறையில் நிற்கும் தண்ணீர் முழுவதும் மேலே போனால் தாங்குமா என்றும் பாருங்கள். இது எதிர்ப்பக்க ஆபத்து: இறங்கும் குழாயை ஒரு இலையோ செத்த மீனோ அடைத்துவிட்டது, மோட்டாருக்கு அது தெரியாது, ஏற்றிக்கொண்டே இருக்கும். 10 அங்குல நீளம், 15 அங்குல அகலம், 9 அங்குல ஆழம் உள்ள அறையில் 22 லிட்டர் இருக்கும். மேல்தொட்டியில் அது ஒன்றரை அங்குலத்துக்குச் சற்று அதிகம். ஆகவே மேலே விளிம்புக்குக் கீழே 2 அங்குலம் எப்போதும் காலியாக இருக்கட்டும். மோட்டார் அறையைப் பெரிதாகப் போடச் சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைச் சொல்ல மாட்டார்கள்.

• தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் குழாயின் வாயை நீர்மட்டத்திலிருந்து 1 அங்குலத்துக்குள் வையுங்கள். கூடவே மட்டத்துக்கு ஒட்டிக் கீழே அந்தக் குழாயில் 6 எம்எம் ஓட்டை ஒன்று போடுங்கள். மட்டம் கொஞ்சம் இறங்கியதும் அதன் வழியாகக் காற்று புகுந்து இழுவையை அறுத்துவிடும். வாரம் ஒருமுறை பழைய டூத்பிரஷால் ஓட்டையைத் தேயுங்கள், பாசி படிந்தால் ஓட்டை இருந்தும் இல்லாத மாதிரிதான்.

• இறங்கும் குழாயை ஏறும் குழாயைவிடப் பெரிதாகப் போடுங்கள். ஏறுவது மோட்டாரின் வேகத்தில், இறங்குவது வெறும் எடையில். ஏற முக்கால் அங்குலம் என்றால் இறங்க ஒன்றேகால் அல்லது ஒன்றரை அங்குலம்.

• முடிந்தால் அவசரத்துக்கு இரண்டாவது இறங்கு குழாய் ஒன்றும் வையுங்கள். அதன் வாய் முதல் குழாயைவிட சற்று உயரத்தில் இருக்கட்டும். அதில் வால்வு வேண்டாம். சாதாரண நாளில் அதில் ஒரு சொட்டும் இறங்காது. இறங்குகிற சத்தம் கேட்டால் முதல் குழாயில் அடைப்பு என்று அர்த்தம். கூடுதல் செலவு ஒரு ஓட்டையும் ஒரு டேங்க் நிப்பிளும்தான்.

• டேங்க் நிப்பிளின் ரப்பர் வாஷரைத் தண்ணீர் இருக்கும் பக்கமே போடுங்கள். வெளிப்பக்கம் போட்டால் மரை வழியாகச் சொட்டும். கையால் இறுக்கி, பிறகு கால் சுற்று மட்டும் ஸ்பேனர். அதற்கு மேல் இறுக்கும் பிளம்பரைக் கையைப் பிடித்து நிறுத்துங்கள், அவர் பழகியது சின்டெக்ஸ் டேங்கில், இது கண்ணாடி.

• மோட்டாரை உயரத்தைப் பார்த்து வாங்குங்கள். அட்டைப் பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கு, தண்ணீரை உயரமே ஏற்றாதபோது வருவது. நம் தொட்டியில் 220 லிட்டர் நிற்கும். மணிக்கு 5 முறை சுற்ற 1,100 லிட்டர் மேலே வந்து சேர வேண்டும். தண்ணீர் ஏற வேண்டிய உயரம் நாலரை அடி. அதிகபட்சம் 3 மீட்டர் ஏற்றும் மோட்டார் அந்த உயரத்தில் ஏறக்குறையப் பாதிதான் தரும், ஆகவே பெட்டியில் 2,500 லிட்டர் போட்டிருப்பதை எடுங்கள். வளைவுகளைக் குறையுங்கள், ஒவ்வொரு எல்போவும் கொஞ்சம் தின்னும்.

• அழுக்குப் பஞ்சை முதல் அறையில் வையுங்கள், பீங்கான் வளையமும் லாவாக் கல்லும் அதற்குப் பின்னால். வரிசை மாறினால் கழிவு போய் வளையத்தின் துளைகளை அடைக்கும், அங்கே குடியிருக்கும் பாக்டீரியாவுக்கு மூச்சு முட்டும். கடல்நீர்த் தொட்டி என்றால் கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மருக்கு மட்டம் மாறாத அறையை ஒதுக்குங்கள், மோட்டார் அறையில் அதை வைத்தால் சரியாகவே ஓடாது.

• மோட்டாருக்கு முன் மூன்று தடுப்புகள் கேளுங்கள்: மேலே வழிய ஒன்று, கீழே நுழைய ஒன்று, மறுபடி மேலே வழிய ஒன்று, நடுவில் 1 அங்குல இடைவெளி. குமிழிகள் அங்கேயே மேலெழுந்து உடைந்துவிடும். கடைசித் தடுப்பு மேலே வழிவதாக இருப்பது முக்கியம். அப்போதுதான் மோட்டார் தன் அறையில் இருப்பதை மட்டும் இழுக்கும்.

• சிலிக்கான் டியூபில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். ஒட்டும்போது வினிகர் வாடை அடிக்கிற, எதுவும் கலக்காத கண்ணாடி சிலிக்கான் போதும். பூஞ்சை பிடிக்காது, பாத்ரூமுக்கு ஏற்றது என்று போட்டிருந்தால் வைத்துவிடுங்கள். அதில் கலந்திருக்கும் மருந்து மீனுக்கு ஆகாது. நீங்களே ஒட்டினால் ஒரு வாரம் காயவிடுங்கள். பழைய சிலிக்கான் மேல் புதியது பிடிக்காது, சுரண்டி எடுத்துவிட்டு ஒட்டுங்கள்.

• வாங்கிய சம்பை பால்கனியில் வைத்து விளிம்புவரை நிரப்பி ஒரு முழுநாள் விடுங்கள். கீழே தெர்மாகோல், அதன் மேல் நியூஸ்பேப்பர். எங்கே சொட்டுகிறது என்று பேப்பர் காட்டிக்கொடுக்கும். செகண்ட் ஹேண்ட் என்றால் இது இரட்டிப்பு அவசியம்; மூலைகளில் சிலிக்கான் ஓரம் தூக்கியிருக்கிறதா என்று நகத்தால் வருடிப் பாருங்கள். செப்பு மருந்து ஊற்றிய தொட்டியா என்று கேளுங்கள். இறால் வளர்க்கிறவர் அதைத் தொடவே வேண்டாம்.

• மீன் விடுமுன் பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். தண்ணீர் இறங்கி நிற்கும்வரை அங்கேயே நில்லுங்கள். மறுபடி போடுங்கள். பிறகு இறங்கும் குழாயின் வாயைத் துணியால் அடைத்து, மோட்டார் தன் அறையைக் காலி செய்யும்வரை மேலே விளிம்பைப் பாருங்கள். இரண்டு சோதனையிலும் தரை காய்ந்திருந்தால்தான் சம்ப் தயார். கடைக்காரர் ஃபிட்டிங் செய்ய வந்தால் அவர் முன்னால் செய்யுங்கள், பாக்கிப் பணத்தை அதற்குப் பிறகு கொடுங்கள்.

• மோட்டார் பிளக்கை 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் பிரேக்கர்) இருக்கும் லைனில் மாட்டுங்கள். ஒயர் பிளக்குக்கு வருமுன் ஒருமுறை கீழே தொங்கி மேலே ஏறட்டும். ஒயர் வழியாக வழிகிற தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், பாயின்டுக்குள் போகாது.

• ஸ்டாண்டுக்கு ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளை போடச் சொல்லுங்கள். பார்ட்டிகிள் போர்டு ஈரத்தில் பிஸ்கட் மாதிரி ஊறிவிடும், அதன் மேல் நிற்பது 400 கிலோவுக்குக் குறையாத எடை. அந்த எடைக்காகவே நடு ஹாலில் வைக்காமல் பீம் ஓடும் சுவரை ஒட்டி வையுங்கள்.

• பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றை வாங்கி வையுங்கள். 2016 டிசம்பரில் வர்தா, 2023 டிசம்பரில் மிக்ஜாம் என்று இரண்டு புயலிலும் சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. இன்வெர்ட்டர் இருந்தாலும் அது ஃபேனுக்கும் லைட்டுக்குமே திணறும். ஏர் ஸ்டோனில் ஒன்றை மேலே மீனுக்கும், இன்னொன்றை சம்பில் வளையங்கள் இருக்கும் அறைக்கும் விடுங்கள்.

• மோட்டார் அறையின் மட்டத்தை தினமும் ஒரு பார்வை பாருங்கள். மொத்தத் தொட்டியில் ஆவியாகும் தண்ணீர் அந்த ஒரு அறையில்தான் குறைந்து தெரியும். சித்திரை வெயிலில் ஃபேன் காற்றும் சேர்ந்து 5 லிட்டர் போனால் அங்கே 2 அங்குலம் இறங்கும். மூன்று நாள் ஊற்றாமல் விட்டால் மோட்டார் காற்றை இழுக்கும், சூடாகும், கருகும். கடல்நீர்த் தொட்டியில் குறைவதற்கும் நல்ல தண்ணீரையே ஊற்றுங்கள், உப்பு ஆவியாகிப் போவதில்லை.

செய்யக்கூடாதவை

• நான்-ரிட்டர்ன் வால்வை நம்பித் தூங்காதீர்கள். புதிதில் நன்றாக மூடும். போர் தண்ணீரின் உப்பும் பாசியும் படிந்த பிறகு ஒரு நூலிழை திறந்தே நிற்கும், ஒரு ராத்திரிக்கு அந்த இழை போதும். போட்டால் போடுங்கள், கணக்கை அது இல்லாததாகவே வைத்துப் போடுங்கள்.

• ஓட்டை போட பயந்து, தொட்டியின் விளிம்பில் தொங்கவிடும் ‘யூ’ குழாய்ப் பெட்டியை வாங்காதீர்கள். அந்தக் குழாயில் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று சேரும், ஒருநாள் இழுவை அறுந்துபோகும். கரண்ட் வந்ததும் மோட்டார் எழுந்துவிடும், குழாய் எழாது. விற்பவர் ஆயிரம் சமாதானம் சொல்வார். என் வீட்டில் அதற்கு இடமில்லை.

• எந்தக் கண்ணாடி என்று தெரியாமல் டிரில்லை வைக்காதீர்கள். டஃபன்ட் கண்ணாடி தொட்ட மாத்திரத்தில் சில்லு சில்லாக உதிரும், ரெடிமேட் தொட்டிகளில் அடிப்பலகை அதுவாக இருக்கலாம். சாதாரணக் கண்ணாடியிலும் வைர முனை ஹோல் சா, விடாமல் தண்ணீர், மெதுவான வேகம் வேண்டும். ஓட்டையின் விட்டம் அளவுக்காவது விளிம்பிலிருந்து தள்ளிப் போடுங்கள். இதெல்லாம் கண்ணாடிக் கடைக்காரர் வேலை, தொட்டி காலியாக இருக்கும்போதே முடித்துக்கொள்ளுங்கள்.

• ஒரே ஒரு இறங்கு குழாய்தான் இருக்கிறது என்றால் அதில் வால்வு போட்டுத் திருகாதீர்கள். சளசள சத்தத்தைக் குறைக்க இதைத்தான் எல்லோரும் செய்கிறார்கள். பாதி மூடிய வால்வில் ஒரு நத்தை வந்து உட்கார்ந்தால் கதை முடிந்தது. சத்தம் பொறுக்கவில்லை என்றால் குழாயின் தலையில் ஒரு டீ ஃபிட்டிங் வைத்து, மேல் மூடியில் காற்றுக்குச் சிறு ஓட்டை போடுங்கள், பாதிச் சத்தம் போய்விடும். வால்வு போட்டே ஆக வேண்டும் என்றால் அவசரக் குழாய் கூட இருக்க வேண்டும், அப்போதும் நூல் நூலாகத் திருக முடிகிற கேட் வால்வையே போடுங்கள்.

• வழியும் வாயைத் திறந்து விடாதீர்கள், நைலான் வலையாலும் சுற்றாதீர்கள். திறந்திருந்தால் குட்டி மீன் கீழே போகும். வலை இரண்டே நாளில் அடைக்கும். சீப்பு மாதிரி பல் வெட்டிய தடுப்பு வையுங்கள்.

• சிவப்பு டேப்பைத் தாண்டி ஊற்றாதீர்கள். வீட்டில் தண்ணீர் ஊற்றும் பொறுப்பு யாருக்கென்றாலும் அவரிடம் இதைச் சொல்லுங்கள். இன்னொன்றும் சொல்லுங்கள்: கரண்ட் இல்லாத நேரத்தில் மேல்தொட்டி குறைந்து தெரிகிறதே என்று ஊற்றவே கூடாது. குறைந்த தண்ணீர் கீழே இருக்கிறது, மோட்டார் ஓடியதும் மேலே வந்துவிடும்.

• ஃப்ளோட் வால்வை மாடி டேங்க் லைனோடு நேரடியாக இணைக்காதீர்கள். மிதவை சிக்கிக்கொண்டால் மாடியில் இருக்கும் ஆயிரம் லிட்டரும் ஹாலுக்கு வரும். சிக்காவிட்டாலும் மெட்ரோ வாட்டரின் குளோரின் சொட்டுச் சொட்டாக உள்ளே போகும். தனியாக 15 லிட்டர் கேன் ஒன்று வைத்து அதிலிருந்து இறக்குங்கள், எது கெட்டாலும் 15 லிட்டரோடு போகும். அந்த 15 லிட்டருக்கும் சேர்த்து சம்பில் இடம் விடுங்கள்.

• எக்ஸ்டென்ஷன் பாக்ஸை ஸ்டாண்டின் தரையில் போடாதீர்கள். பக்கவாட்டில், சம்பின் விளிம்பைவிட உயரத்தில் ஸ்க்ரூ போட்டு மாட்டுங்கள். சுவிட்சை அணைக்காமல் தண்ணீரில் கை விடாதீர்கள். சின்ன மோட்டார்தானே என்பீர்கள், ஒயரில் வருவது 230 வோல்ட்.

• வளையங்களைக் குழாயடியில் கழுவாதீர்கள். மாதக்கணக்கில் வளர்ந்த பாக்டீரியா குளோரினில் செத்துப்போகும், மறுநாள் தண்ணீர் பால் மாதிரி வெளுக்கும், அம்மோனியா ஏறும். தொட்டியிலிருந்தே ஒரு பக்கெட் எடுத்து அதில் அலசுங்கள். பஞ்சை எப்படிக் கசக்கினாலும் சரி, குளோரின் தண்ணீர் சொட்டாமல் பிழிந்து வையுங்கள்.

• பழைய ஃபில்டரை சம்ப் ஓடிய அன்றே கழற்றாதீர்கள். புது வளையங்களில் பாக்டீரியா குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை இரண்டும் ஓடட்டும். பழைய ஸ்பாஞ்சை சம்புக்குள் போட்டு வைத்தால் சீக்கிரம் பிடிக்கும்.

• செடித் தொட்டியில் தண்ணீரை உயரத்திலிருந்து கொட்டவிடாதீர்கள். காசு கொடுத்து ஏற்றிய கார்பன் டை ஆக்சைடு அந்தச் சலசலப்பில் பறந்துவிடும். இறங்கும் குழாயின் நுனியை சம்பின் நீர்மட்டத்துக்கு 1 அங்குலம் கீழே முடியுங்கள்.

• ஹீட்டரை மோட்டார் அறையில் வைக்காதீர்கள். சென்னையிலும் மதுரையிலும் பெரும்பாலானவர்களுக்கு அது தேவையே இல்லை. டிஸ்கஸ் வளர்ப்பவரும் ஊட்டிக்காரரும் வைத்தே ஆக வேண்டும் என்றால் மட்டம் மாறாத நடு அறையில் படுக்கவையுங்கள். தண்ணீர் இறங்கி வெளியே தெரிந்த ஹீட்டர் வெடிக்கும்.

• ஸ்டாண்டின் பின்பக்கத்தை முழுக்க அடைக்காதீர்கள். நம் வெயிலில் தண்ணீரின் சூடும் ஈரமும் வெளியேறக் காற்றோட்டம் வேண்டும், இல்லாவிட்டால் ஈரம் பிளையில்தான் போய் இறங்கும்.

• ஊருக்குப் போகிற வாரத்தில் புது சம்பைத் தொடங்காதீர்கள். பொங்கல் லீவுக்கு முன் முடித்துவிட வேண்டும் என்று ஃபிட்டிங் செய்பவரை அவசரப்படுத்துகிறவர்கள் நிறையப் பேர். எந்த மூட்டில் கசிகிறது, ஒரு நாளில் எவ்வளவு ஆவியாகிறது என்பதெல்லாம் முதல் பத்து நாளில்தான் தெரியவரும். டிக்கெட் எடுத்தாகிவிட்டது என்றால் பழைய ஃபில்டரே ஓடட்டும், சம்பைப் பால்கனியில் தண்ணீரோடு விட்டுவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது கசிவுச் சோதனையாவது முடிந்திருக்கும். மேலே மட்டும் மூடிவிட்டுப் போங்கள், கொசு முட்டையிடும்.